அறுபது நிமிடத்தில் பன்னிரண்டு பாட்டு

புதுக் கேசட் பெட்டியைத் திறந்ததும் வருமே, பெயின்ட்டும் ரப்பரும் கலந்தாற்போல ஒரு வாசனை, அதை ஐம்பத்திரண்டு படி ஏறினால் மூச்சு வாங்கும் இந்த வயதிலும் என் மூக்கு மறக்கவில்லை.

அப்பா கொடைக்கானலில் ஒரு பள்ளிக்கூடத்துச் சமையற்காரர். பணியாளர்களின் ஆறு வீடுகளும் ஒரே தகரக்கூரையின் கீழ் வரிசையாக இருந்தன. அதை ‘லைன்’ என்போம். லைனுக்கே ஒரு டேப்ரெக்கார்டர்தான், டிரைவர் சேவியர் மாமா வீட்டில். நாம் எழுதிக் கொடுக்கும் சினிமாப் பாட்டுகளை இசைத்தட்டிலிருந்து கேசட்டில் பதிந்து தரும் கடையொன்று கடைவீதியில் இருந்ததால், வீட்டுக்கு இரண்டு பாட்டு, கேசட்டின் முப்பது நிமிடப் பக்கம் ஒவ்வொன்றிலும் ஆறு, ஆகப் பன்னிரண்டு என்று லைனே கூடி முடிவு செய்தது. "விரல மடக்கி எண்ணிக்கிட்டே பொறந்த பய" என்று அம்மா சலித்துக்கொள்ளும் எனக்கு, எல்லாம் அறுபது நிமிடத்துக்குள் அடங்குமா என்று பார்க்கும் வேலை வந்தது.

ஒவ்வொரு பாட்டும் எத்தனை நிமிடம் என்று குறிக்க, அப்பாவின் கைக்கடிகாரத்தோடு பதினேழு நாள் வானொலியைக் காவல் காத்தேன். பக்கத்து வீட்டு எஸ்தர் அக்கா திங்கட்கிழமை மதுரைக்கு நர்ஸ் படிப்புக்குக் கிளம்புகிறவள், "ஏலே, என் பாட்டைக் கடைசியாப் போடு. அதைக் கேட்டுட்டுத்தான் போகணும்" என்றிருந்தாள். இரண்டாம் பக்கம் இருபத்தொன்பது நிமிடம் நாற்பது விநாடி. இருபது விநாடி மிச்சம் என்று லைன் முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.

ஞாயிறு பூசை முடிந்ததும் சேவியர் மாமா வீட்டு முன்னறையில் இருபத்தாறு பேர். "எங்க வீட்டுப் பாட்டு வருது, யாரும் இருமாதீங்க!" என்று ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு அதட்டல், ஒரு கைதட்டல். பதினொன்று முடிந்தது. அக்காவின் பாட்டு தொடங்கி, இரண்டாவது சரணத்தின் நடுவில், ‘டக்’கென்று பொத்தான் எகிறியது. நாடா தீர்ந்துவிட்டது. வானொலியில் பாட்டின் கடைசியைத் தேய்த்து நிறுத்திவிடுவார்கள் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. நான் கணக்கில் விட்ட ஐந்து பாட்டுகளின் வால்கள் சேர்ந்து ஆறாவதன் மிச்சத்தை விழுங்கிவிட்டன.

"என்னப்பா கணக்கப்பிள்ளை, மிச்சம் எங்க?" என்றார் சேவியர் மாமா. எனக்கு அழுகை முட்டியது. அப்போது, கோயில் பாடற்குழுவில்கூட வாயசைத்துவிட்டு வருகிற அக்கா, அறுந்த சொல்லிலிருந்து தொடங்கிப் பாடினாள். மாமா வாளியைக் கவிழ்த்துத் தாளம் போட, தகரக்கூரையே அதிர்ந்தது. அவள் போன பிறகும் ‘டக்’ கேட்டால் போதும், மிச்சத்தை லைனே சுருதியில்லாமல் பாடி முடிக்கும்.

லைன் இருந்த இடத்தில் இன்று இருபத்துநாலு அறை லாட்ஜ். பதிவுக் கடையில் சாக்லேட் விற்கிறார்கள். மகன் அந்தப் பாட்டை என் செல்போனில் ஏற்றிக் கொடுத்திருக்கிறான். ஐந்து நிமிடம் பதினொரு விநாடி, எங்கும் நிற்காமல் ஓடி முடிகிறது, எனக்குப் பொறுக்கவில்லை. அந்தச் சொல் வந்ததும் நானே நிறுத்திவிட்டு வத்தலக்குண்டிலிருக்கும் அக்காவுக்குப் போன் போடுகிறேன்.

"ஏலே, இன்னைக்கும் டேப் தீந்துபோச்சா?" என்று சிரித்துவிட்டு, தொண்டையைச் செருமிக்கொள்கிறாள்.