தொண்ணூற்றொரு சதவீதம்

பேகம்பூர் ஷரீஃபாவுக்கு அறிவுச்செல்வியைப் பிடிக்காமல் போனது ஒரு செவ்வாய்க்கிழமை காலை. அதற்கு முந்தின நாள்வரை இருவரும் வெஞ்சனத்தை மாற்றிக்கொண்டு சாப்பிட்டவர்கள்தான்.

திண்டுக்கல்லில் எண்பது படுக்கை உள்ள தனியார் மருத்துவமனை அது. பதினாறு வருஷத்துக்கு முன் ஷரீஃபா அங்கே சீட்டு எழுதத்தான் சேர்ந்தாள். நோயாளிகளின் விவரங்களைக் கம்ப்யூட்டருக்கு மாற்றியபோது, டேட்டாபேஸ் சர்வரைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் அவள் தலையில் கட்டினார்கள். அவள் புத்தகம் வாங்கிப் படித்தும், கெடுத்துத் திருத்தியும் கற்றுக்கொண்டாள். தினமும் எட்டு மணிக்கு மாடிப்படிக்குக் கீழே இருக்கும் அறைக்குள் போவாள். டிஸ்கில் இடம் எவ்வளவு மிச்சம், நேற்றைய நகல் முழுசாக இருக்கிறதா, எங்கே சர்வர் திணறுகிறது என்று பார்த்து நீள நோட்டில் எழுதி வைப்பாள். அந்த நோட்டை ஒருவரும் கேட்டதில்லை. சர்வர் ஒழுங்காக ஓடினால் அதைப் பார்த்துக்கொள்கிறவள் ஒருத்தி இருப்பதே யாருக்கும் தெரியாது. அதை அவள் பெருமையாகவே நினைத்திருந்தாள்.

சின்னாளப்பட்டியிலிருந்து அறிவுச்செல்வி வந்து சேர்ந்தது போன ஆடியில். வயது இருபத்தாறு. கோயம்புத்தூரில் இதே வேலையை மூன்று வருஷம் பார்த்தவள்.

பழைய நோயாளியின் பரிசோதனை முடிவுகளைத் திறக்க ஒன்பது வினாடி ஆகும். நான்கு வருஷமாக ஷரீஃபா, “பழைய மெஷின் டாக்டர், செத்த நேரம் பொறுங்க” என்றே சமாளித்து வந்தாள். அறிவுச்செல்வி அந்தச் செவ்வாய்க்கிழமை சர்வர் எங்கே தேங்குகிறது என்று பார்த்து, ஒரு அட்டவணைக்கு, புத்தகத்தின் பொருளடக்கம் மாதிரி சட்டென்று தேடி எடுக்க உதவும் இண்டெக்ஸ் போட்டாள். ஒன்பது வினாடி அரை வினாடியானது. குழந்தை மருத்துவர் மாடியிலிருந்து இறங்கியே வந்துவிட்டார்.

“யாரும்மா இதச் செஞ்சது?”

“நான்தான் சார்.”

“இம்புட்டு நாளா இது ஏன் ஒருத்தருக்கும் தோணல?” என்று சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டு அவர் போனார். ஷரீஃபா நோட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டாள்.

பிறகு அறிவுச்செல்வியின் யோசனைப்படி சுவரில் பெரிய திரை வந்தது. சர்வரின் மூச்சு முழுவதும் பச்சைக் கோடுகளாக அதில் ஓடியது. எல்லை தாண்டினால் இரண்டு பேர் போனும் அடிக்கும். நிர்வாகி அந்தோணிராஜ் வருகிறவர்களையெல்லாம் கூட்டிவந்து காட்டினார். தினமும் நோட்டில் எழுதிய அதே எண்கள்தான். கோடாகப் போட்டதும் ஊரே பார்க்கிறதே என்று ஷரீஃபாவுக்கு வயிறு எரிந்தது. அந்தப் பெண்ணின் சுங்கடிச் சேலையை நர்சுகள் விசாரித்தால்கூட அவளுக்குப் பொறுக்கவில்லை.

தை மாதத்தில் ஒரு திங்கட்கிழமை. அக்கா மகளுக்குக் காதுகுத்து என்று அறிவுச்செல்வி ஆத்தூருக்குப் போயிருந்தாள். மதியம் வருவதாகச் சொல்லியிருந்தாள். பத்து நாற்பதுக்கு ஷரீஃபாவின் போன் அடித்தது. டிஸ்க் எண்பத்தைந்து சதவீதம் நிரம்பிவிட்டது.

காரணம் அவளுக்கு உடனே புரிந்தது. நடக்கிற ஒவ்வொரு மாற்றத்தையும் சர்வர் ஒரு கோப்பில் எழுதும். அந்தக் கோப்பு வேறொரு இடத்துக்கு நகலாகிப் போனபின் பழையதை அழித்துவிடும். நகல் போகும் இடத்தை சனிக்கிழமை அறிவுச்செல்வி மாற்றியிருந்தாள். புது இடம் நகலை ஏற்கவில்லை. அதனால் கோப்புகள் குவிந்துகொண்டே இருந்தன. சரிசெய்ய ஐந்து நிமிஷம் போதும்.

போனில் ‘பார்த்துவிட்டேன்’ என்று ஒரு பொத்தான் உண்டு. ஒருவர் அழுத்தினால் மற்றவர் போனும் அடங்கிவிடும். ஷரீஃபா அழுத்தினாள். அழுத்திவிட்டு டீ குடிக்கப் போனாள்.

சர்வரை நிறுத்திவிடும் எண்ணம் அவளுக்கு இல்லை. தள்ளாடட்டும், நாலு பேர் கத்தட்டும், தொண்ணூற்றெட்டில் நாம் போய்ப் பிடிப்போம் என்று கணக்குப் போட்டாள். தொண்ணூற்றொன்றில் ஒருமுறை பார்த்தாள். எழுந்திருக்கவில்லை. திங்கட்கிழமைக் கூட்டம் அவள் நினைத்ததைவிட வேகமாக டிஸ்கை நிரப்பியது. பதினொன்று முப்பத்தைந்துக்கு சர்வர் நின்றது.

முதலில் ஓடிவந்தது பிரசவ வார்டு நர்சு ஆரோக்கியம்மாள். “அக்கா, ஒரு பொண்ணுக்கு ரத்தம் நிக்காமப் போகுது. எந்த ரத்தம் பொருந்தும்னு காலையில பாத்துப் பதிஞ்சது கம்ப்யூட்டர்லதான் இருக்கு. தெறக்க மாட்டேங்குது.” அவள் கையுறையில் ரத்தம் காயாமல் இருந்தது.

ஷரீஃபா சர்வர் முன்னால் போய் உட்கார்ந்தாள். குவிந்த கோப்புகளை வேறு டிஸ்குக்கு நகர்த்தி சர்வரை எழுப்பப் பதினொரு நிமிஷம் ஆனது. அதற்குள் பரிசோதனைக்கூடத்தில் மறுபடி ரத்தம் எடுத்து கையாலேயே பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். அந்தப் பெண் பிழைத்துக்கொண்டாள். அந்தோணிராஜ் எல்லோர் முன்னாலும், “ஷரீஃபாம்மா இல்லேன்னா இன்னைக்கு என்ன ஆகியிருக்கும்” என்றார்.

இரண்டு மணிக்கு அறிவுச்செல்வி வந்தாள், தலை நிறைய மல்லிகையோடு. பதிவுகளைத் திறந்தாள். ‘10:40, பார்த்துவிட்டேன், ஷரீஃபா’ என்ற வரியில் அவள் கை நின்றது. ஷரீஃபா பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அறிவுச்செல்வி அதை மூடிவிட்டு நிர்வாகியிடம் போனாள்.

“எடத்த மாத்துனது நான்தான் சார். நகல் போய்ச் சேருதான்னு பாத்திருக்கணும். தப்பு என்னோடது.”

அவளுக்கு மெமோ கிடைத்தது. சந்தோஷம் வரும் என்று ஷரீஃபா எதிர்பார்த்தாள். வரவில்லை. இந்தப் பெருந்தன்மையும் அவளுக்குத்தானா போய்ச் சேரவேண்டும் என்று முன்னைவிட அதிகமாக எரிந்தது.

வீட்டில் கணவர் ரஃபீக்கிடம் நடந்ததையெல்லாம் சொன்னாள். அவர் சாப்பாட்டிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

“அந்தப் புள்ள ஒனக்கு என்ன பண்ணுச்சு?”

“ஒண்ணும் பண்ணல. என்னவிட நல்லாச் செய்யிது. அதான்.”

மறுநாள் அவளே அந்தோணிராஜிடம் போய்ச் சொன்னாள். அவர், சர்வரின் தலைமை பாஸ்வேர்டு ஆறு மாதத்துக்கு அறிவுச்செல்வியிடம் மட்டும் இருக்கட்டும் என்று எழுதிக்கொடுத்தார். அந்த அறைக்கு வந்ததிலிருந்து முதல்முறையாக ஷரீஃபா அங்கே இன்னொருத்தியைக் கேட்டு வேலை செய்ய வேண்டியிருந்தது.

“ஏன்க்கா சொன்னீங்க? நான் சொல்லியிருக்க மாட்டேன்,” என்றாள் அறிவுச்செல்வி.

“தெரியும். அதனாலதான் சொன்னேன்.”

பொறாமை போய்விடவில்லை. டேட்டாபேஸ் நிர்வாகத்துக்கு ஒரு சான்றிதழ்த் தேர்வு உண்டு. அறிவுச்செல்வி அதில் எண்பத்துநான்கு வாங்கியவள். நாற்பத்தொரு வயதில் ஷரீஃபா வீட்டில் மட்டும் சொல்லிவிட்டு அதற்குப் படித்தாள். ஆனியில் போய் எழுதினாள். எண்பத்தொன்று வந்தது. தேர்ச்சிதான். சான்றிதழை மடித்து பீரோவுக்குள் வைத்துவிட்டு, அன்றைக்கே மறுபடி எழுதப் பெயர் கொடுத்தாள்.