மடைக்கல் மீனுக்கு அளவாக நின்றவர்

காளியம்மாள் அக்கா போய்விட்டார் என்று ஆலங்குடியிலிருந்து அவர் பேரன் போனில் சொன்னபோது நான் கடலை உரித்துக்கொண்டிருந்தேன். மிச்சத்தையும் உரித்துவிட்டுத்தான் எழுந்தேன். துக்க வீட்டில் போய் இறங்கியதும் உங்களில் சிலர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டீர்கள். இத்தனை வருசம் அவரோடு பேசாதவள் எதற்கு வந்தாள் என்று நினைத்திருப்பீர்கள். அதற்குத்தான் இதை எழுதுகிறேன். எழுத்துப் பிழை இருந்தால் பேத்தி திருத்துவாள். நடந்ததைத் திருத்த விடமாட்டேன்.

அவர் என் கணவரின் அண்ணன் மனைவி. பிறந்தது எங்கள் பாசனக் கண்மாயின் மேல்மடை ஊரில். வாழ வந்தது கீழ்மடையில், எங்கள் வீட்டுக்கு. கண்மாய்க்குள் நிற்கும் மடைக்கல் தூணில் ஒரு மீன் செதுக்கியிருந்தது. பாண்டியர் காலத்து மீன் என்பார் பள்ளிக்கூடத்து வாத்தியார். பார்த்தால் கெண்டை மாதிரி இருக்கிறது என்பார் என் மாமனார். யார் காலத்து மீனாக இருந்தாலும் சட்டம் அதனுடையது. தண்ணீர் இறங்கி மீனின் வாய் வெளியே தெரிந்ததும் மேல்மடையை அடைத்துவிட வேண்டும். மிச்சத் தண்ணீர் கீழ்மடைக்கு. அன்று ஒரு பெண் தண்ணீரில் இறங்கிப் போய் மீனுக்கு மஞ்சள் பூசுவாள், கரையில் குலவை போடுவோம். குமரியாக இருந்தபோது மேல்மடைக்காகவும், கல்யாணமாகி வந்தபின் கீழ்மடைக்காகவும் பூசியவர் அக்கா ஒருவர்தான்.

சமஸ்தானம் போய்ப் பத்துப் பன்னிரண்டு வருசம் இருக்கும். ஒரு கோடையில் கண்மாய் வற்றிக் கிடந்தபோது யாரோ மீனைக் கொத்தி எடுத்துவிட்டார்கள். யார் என்று எனக்குத் தெரியும். அந்த வீட்டு விசேஷம் எதற்கும் இன்றுவரை நான் போனதில்லை. ராஜாவே போயாச்சு, மீனுக்கு என்ன அதிகாரம் என்று மேல்மடைக்காரர்கள் சிரித்தார்கள். அரிவாள் எடுக்கிற அளவுக்குப் போய், கடைசியில் புது மீன் செதுக்குவதென்று இரண்டு ஊரும் ஒத்துக்கொண்டன. கீரனூர்ப் பக்கமிருந்து வந்த கல்தச்சர், எந்த உயரத்தில் என்று கேட்டார். தூணை நெடுகச் சிதைத்திருந்ததால் பழைய இடம் தெரியவில்லை.

அக்கா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வறண்ட கண்மாய்க்குள் இறங்கித் தூணோரம் போய் நின்றார். "மஞ்சப் பூசுறப்ப தண்ணி என் நெஞ்சுக்குழிக்கு நிக்கும். அளந்துக்குங்க" என்றார்.

மீன் மேலே ஏறினால் மேல்மடை சீக்கிரம் அடைபடும், எங்களுக்கு லாபம். கீழே இறங்கினால் அவர்களுக்கு லாபம். அக்காவின் கூடப்பிறந்த அண்ணன் கிட்டே வந்து, "ஆத்தா, செத்தக் குனிஞ்சு நில்லு. பொறந்த வீட்டை நெனச்சுக்க" என்றார். இங்கிட்டிருந்து என் வீட்டுக்காரர் ஒரு பலகையோடு போனார். "தரை சுடுது மதினி, இதுல ஏறிக்கங்க."

"குனியவும் மாட்டேன், ஏறவும் மாட்டேன்" என்றார் அக்கா. "கரைக்குப் போங்க தம்பி. பலகையை வீட்டுல போட்டு ஒக்காந்துக்கங்க."

தச்சர் கோடு கிழிக்கும்வரை அவர் அசையவில்லை.

அடுத்த வருசம் மழை பொய்த்தது. மீன் வாய் தெரிந்து, மேல்மடையை ஒழுங்காக அடைத்தும், எங்கள் கடைசி வயலுக்குத் தண்ணீர் எட்டவில்லை. கதிர் பால் பிடிக்கும் முன் கருகியது. கொஞ்சம் மேலே வைத்திருந்தால் தப்பியிருக்குமே என்று முகத்துக்கு நேரே கேட்டேன்.

"தப்பியிருக்கும்டி. மேல உள்ளவன் வயலு காஞ்சிருக்கும்" என்றார்.

எங்கள் வயலை ஒட்டியிருந்த அவர் வயலும் சேர்ந்துதான் கருகியது. அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் அன்றோடு பேச்சை நிறுத்தினேன்.

மீனின் உயரத்தைப் பற்றி அதன்பின் இரண்டு ஊரிலும் யாரும் வாய் திறந்ததில்லை. எவரைப் பற்றிக் கேட்டாலும் நான் நாலு குற்றம் எடுத்துச் சொல்வேன் என்பது உங்களுக்குத் தெரியும். அக்கா மீது என்னவெல்லாம் இருக்கிறது என்று அவர் தலைமாட்டில் உட்கார்ந்து தேடிப் பார்த்தேன். அந்த வயல் ஒன்றுதான் அகப்பட்டது. அந்தக் கோபத்தை நான் விடப்போவதில்லை. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அதுதான்.