அத்தாவுக்காக இறங்கிய ஷட்டர்

சில வருடங்களுக்கு முன், நன்னிலம் பக்கம் எங்கள் ஊரில் நடந்தது இது. தை மாதம். வெளிநாட்டு வேலையிலிருந்து விடுமுறையில் வந்திருந்தேன். ஒருநாள் விடியற்காலை சுபுஹுத் தொழுகை முடிந்த கையோடு என் தகப்பனார், எங்கள் வழக்கில் அத்தா, கண்ணை மூடி மவுத்தாகிவிட்டார்.

அத்தா அடிக்கடி சொல்லி வைத்த ஆசை ஒன்றுதான். "என்னை வேன்ல ஏத்திடாதீங்கப்பா. தோள்ல தூக்கிட்டுப் போங்க." அடக்கம் செய்யும் கபர்ஸ்தான் ஆற்றுக்கு அக்கரையில் இருக்கிறது. நடந்து போக, வெள்ளைக்காரன் காலத்து ரெகுலேட்டர் பாலம்தான் வழி. கைப்பிடியைச் சுற்றினால் அதன் இரும்பு ஷட்டர்கள் ஏறி இறங்கும். மேலே ஆட்கள் நடப்பார்கள். அந்த நேரம் பார்த்து மேல்தளத்தைப் பெயர்த்துப் போட்டு வேலை நடந்துகொண்டிருந்தது. கீழே ஆற்றில் இடுப்பளவு தண்ணீர். வேனில் சுற்றிப் போய்விடலாம் என்றார்கள் பள்ளிவாசல் ஜமாஅத்தார். எனக்கு மனசே ஒப்பவில்லை.

ஷட்டரை மூடினால் பாலத்துக்குக் கீழ்ப்பக்கம் ஆறு வடியுமே, இறங்கி நடந்தே கடக்கலாமே என்று பாலத்துக்கு ஓடினேன். அதைப் பார்த்துக்கொள்ளும் லஸ்கர் கையை விரித்தார். முறை வைத்துத் தண்ணீர் விடும் சமயம்; அன்றைக்கு, பாலத்துக்குக் கீழே பாசனம் செய்யும் கீழ்மடைக்காரர்களின் முறை. அவர்களைக் கேட்காமல் தொட முடியாது. அவர்களோ காவலுக்கு அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள். நான் வாயைத் திறந்ததுமே ஒரு அக்கா பிடித்துக்கொண்டார். "கதிர் பால் புடிக்கிற நேரம் தம்பி. இந்தத் தண்ணிக்கு எத்தனை நாளா தவம் கெடக்கோம் தெரியுமா?"

அவர் கேட்டதில் தப்பே இல்லை. "எங்க அத்தா எறந்துட்டாங்க, அக்கா. தோள்ல தூக்கிட்டு ஆத்தைக் கடக்கணும்" என்றேன்.

அவர் மற்றவர்களைத் திரும்பிப் பார்த்தார். "மூடுங்கண்ணே" என்றார் லஸ்கரிடம். "அவங்க அடக்கம் பண்ணிட்டு வரட்டும்."

அவர்களும் சேர்ந்தே கைப்பிடியைச் சுற்றினார்கள். தண்ணீர் கணுக்காலுக்கு வடிந்ததும், அத்தாவைக் கிடத்திய சந்தூக்கைத் தோளில் சுமந்து ஆற்றில் இறங்கினோம். கரையில் அவர்கள் தலைத்துண்டை எடுத்துவிட்டு நின்றார்கள். அத்தா ஆசைப்பட்டபடியே போய்ச் சேர்ந்தார்.

மூடிய நேரத்துக்கு ஈடு கிடையாது, சாயங்காலமானால் முறை அடுத்த வாய்க்காலுக்குப் போய்விடும் என்பது லஸ்கர் சொல்லித்தான் பிறகு தெரிந்தது. பதறிப்போய் நன்றி சொல்ல நின்றால், "போங்க தம்பி, வீட்டுல அம்மா தனியா இருப்பாங்க" என்று அந்த அக்கா விரட்டிவிட்டார். பெயரைக்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை.

இப்போது பாலம் சரியாகிவிட்டது. நான் எந்த ஊரில் இருந்தாலும், அத்தாவுக்காக துஆ கேட்கும்போதெல்லாம், பெயர் தெரியாத அந்த அக்காவின் வயலுக்கும் தண்ணீர் கேட்டுவிட்டுத்தான் ஏந்திய கையை இறக்குகிறேன்.