இரண்டு மணி அடித்து நின்ற போன்

“...அடிச்சாலும் எடுத்துடாதம்மா, அது பாட்டுக்கு நிக்கட்டும்,” என்று சொல்லி, பக்கத்து இருக்கை அக்கா தன் போனை என் கையில் கொடுத்தார். தேன்கனிக்கோட்டையிலிருந்து ஓசூருக்குக் காலை ஷிப்டு ஆட்களை ஏற்றிப்போகும் கம்பெனி பஸ். நாட்டின் எல்லையில் சண்டை நடந்துகொண்டிருந்த வாரம்.

அவரைத் தினமும் பார்ப்பேன், பெயர் கேட்டதில்லை. ஒடிசலான உடம்பு, வெளுத்துப்போன நீலக் கோட்டு. ஏறியதும் பக்கத்து வீட்டுக் கதையை ஆரம்பித்து, இறங்கும்வரை பஸ்ஸையே சிரிக்க வைப்பார். அன்று அந்தக் கதையெல்லாம் இல்லை. வடக்கே ஒரு விமானத் தளத்தில், தரையிறங்கிய போர் விமானம் சறுக்கித் தீப்பிடித்துவிட்டதாகச் செய்தி. அங்கேதான் அவர் மகள் தீயணைப்பு வண்டியில் இருக்கிறாள்.

“நெருப்பப் பாத்தா ஊரே இந்தப் பக்கம் ஓடியாரும். எங்க கழுத மட்டும் அந்தப் பக்கம் ஓடும்,” என்றார். அந்த நேரத்திலும் அப்படி ஒரு பேச்சு.

“நாம கூப்புட்டுப் பாக்கலாமாக்கா?”

“டூட்டியில எங்கம்மா எடுக்கறது? ரெண்டு ரிங் வுட்டு அவளே கட் பண்ணா, நல்லாருக்கறான்னு எங்களுக்குள்ள கணக்கு. எங்கிட்ட இருந்தா அவசரத்துல நானே எடுத்துடுவேன்னுதான் உங்கிட்ட குடுத்தேன்.”

கம்பெனி கேட்டில் போனை வாங்கி வைத்துவிடுவார்கள். அதற்குள் வந்தாக வேண்டும். மத்திகிரி தாண்டியதும் போன் அடித்தது. பழக்கத்தில் என் விரல் எடுக்கப் போக, அவர் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார். இரண்டாவது மணியோடு நின்றது.

“நல்லாருக்கறா,” என்றார், பஸ்ஸுக்கே கேட்கும்படி. பிறகு என் தோளில் தலையைச் சாய்த்தவர், அடுத்த வளைவுக்குள் குறட்டை விட்டுத் தூங்கிப்போனார்.