ஊதுவத்தியும் ஒரு ‘பாஸ்’ சான்றிதழும்

போன வெள்ளிக்கிழமை காலை. அடையாறு பாலம் ஏறுவதற்குச் சற்று முன்னால், பின் சீட்டிலிருந்து என் மகள் மது, “அம்மா, வண்டியை நிறுத்து” என்றாள். நான் ஓரம் கட்டுவதற்குள் கதவைத் திறந்து வாந்தி எடுத்துவிட்டாள். பின்னால் ஒரு பஸ். விடாமல் ஹாரன்.

பதினோராம் வகுப்பு. அன்றைக்குக் கணக்குப் பரீட்சை. “ராத்திரி பரோட்டா வேணாம்னு சொன்னேன்ல?” என்று நான் ஆரம்பித்தேன்.

அவள் வாயைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். “பரோட்டா இல்லம்மா. உன் கார். ஒரு மாசமா தலை வலிக்குதுன்னு சொல்லிட்டிருக்கேன். நீ ஊதுவத்தி கொளுத்தற.”

மீதித் தூரம் ஆட்டோவில் போனாள்.

இந்த வாரப் பத்தியைக் கோபமாகத்தான் எழுதுகிறேன். அந்தக் கோபம் யார் மேல் போக வேண்டும் என்று படித்துவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள்.

என் கார் மதுவைவிட இரண்டு வயது சின்னது. ஒரு மாதமாக உள்ளே பெட்ரோல் வாடை. ஏசி போட்டால் இன்னும் அதிகம். கேட்டவர்கள் எல்லோரும் ஒரே பதில்தான் சொன்னார்கள் — “பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும்.” நானும் நம்பினேன். டாஷ்போர்டில் ஒரு குட்டிப் பிள்ளையார் உண்டு. வெள்ளிக்கிழமைகளில் அவர் முன்னால் ஒரு ஊதுவத்தி ஏற்றிவிட்டுத்தான் வண்டியை எடுப்பேன். வாடை வந்த பிறகு அதைத் தினசரி ஆக்கினேன். மல்லிகை மணம். பிரச்சினை தீர்ந்தது... என் மூக்குக்கு.

இதற்கு நடுவில் புகைச் சான்றிதழ் காலாவதி ஆனது. ராயப்பேட்டையில் ஒரு சோதனை மையத்துக்குப் போனேன். கண்ணாடி போட்ட ஒருவர் சைலன்ஸருக்குள் குழாயைச் செருகினார். காத்திருந்தார். மறுபடியும் செருகினார். மறுபடியும் காத்திருந்தார்.

“ஃபெயில் ஆவுதும்மா. எரியாத பெட்ரோல் ரொம்ப அதிகமா வெளிய வருது. மெக்கானிக்கிட்ட காட்டிட்டு வாங்க.”

“சர்வீஸ் பண்ணி ரெண்டு மாசம்தான் ஆச்சு. முதல்ல உங்க மிஷினை சர்வீஸ் பண்ணுங்க!”

“மிஷின் நல்லாத்தாம்மா கீது” என்றார் அவர், குரலை உயர்த்தாமல்.

கதவை அறைந்து சாத்திவிட்டுக் கிளம்பினேன். நேராக ஆழ்வார்பேட்டை. அங்கே இன்னொரு மையம். எவ்வளவு வேகம் என்கிறீர்கள்! நம்பர் பிளேட்டை ஒரு போட்டோ எடுத்தார்கள். குழாய் தரையிலேயே சுருண்டு கிடந்தது. என் வண்டியைத் தொடக்கூட இல்லை. பிரின்டர் மட்டும் ஓடியது.

“பாஸா?”

“நம்மகிட்ட வந்தா பாஸ்தான் மேடம்.”

நான் சிரித்தேன். நன்றி என்றேன்.

பாலத்தடியில் நடந்ததற்கு மறுநாள் காலை, மந்தைவெளி ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஷெட் வைத்திருக்கும் மெக்கானிக் ஏழுமலையிடம் போனேன். மதுவும் வந்தாள் — கண்ணாடிகளை எல்லாம் இறக்கச் சொல்லி, தலையை வெளியே நீட்டிக்கொண்டு.

ஏழுமலை கதவைத் திறந்ததும் பின்வாங்கினார். “இன்னா மேடம், பெட்ரோல் பங்க்கையே உள்ள வெச்சிக்கினு சுத்தறீங்களா?”

முதலில் டேங்க் மூடியைப் பார்த்தார். ரப்பர் வெடித்திருந்தது. வேறு மூடி போட்டு இன்ஜினை ஓடவிட்டார். வாடை போகவில்லை. பானெட்டைத் திறந்து, கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு ஹோஸாக மோந்துகொண்டே போனார். ஒரு கறுப்பு டப்பாவுக்கு அருகில் நின்றார். அதில் சேரும் ஹோஸில் கீறல். டப்பாவைக் கழற்றிச் சாய்த்தார். சிமென்ட் தரையில் சொட்டுச் சொட்டாகப் பெட்ரோல்.

“இதுக்குள்ள கரி கீது மேடம். டேங்க்ல கிளம்பற ஆவியைப் புடிச்சு வெச்சிக்கினு, வண்டி ஓடறப்போ இன்ஜினுக்கு அனுப்பும். ஆவிதான் வரணும். இங்க பெட்ரோலே வந்து குளிச்சிக்கினு கீது. இன்ஜினும் அதைக் குடிக்குது, ஏசி வழியா நீங்களும் குடிக்கறீங்க. ஆமா, பெட்ரோல் எப்படிப் போடுவீங்க?”

“எப்பவும் ஃபுல் டேங்க்” என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

“பங்க்ல கன் தானா நின்ன அப்புறம்?”

நான் வாயைத் திறப்பதற்குள் மது: “அதுக்கப்புறம்தான் அங்கிள் அம்மா ஆரம்பிப்பாங்க. வண்டியைப் புடிச்சு ஆட்டுவாங்க. ஆட்டிட்டு, ‘இன்னும் கொஞ்சம் போகும், போடுங்க’ம்பாங்க.”

ஏழுமலை விழுந்து விழுந்து சிரித்தார். “காரா மேடம் அது, அரிசி டின்னா? குலுக்கிக் குலுக்கி ரொப்பறதுக்கு? மேல ரொப்பற பெட்ரோல்தான் இந்த டப்பாக்குள்ள எறங்குது.”

உங்களில் எத்தனை பேர் ஆட்டுகிறீர்கள்? கழுத்துவரை போட்டால்தான் திருப்தி என்பவர்கள் எத்தனை பேர்? எனக்குத் தெரியும். பங்க்கில் பார்க்கிறேனே.

சிரித்துக்கொண்டே உள்ளே எட்டிப் பார்த்தவர் டாஷ்போர்டைப் பார்த்து நின்றுவிட்டார். பிள்ளையார் காலடியில் சாம்பல்.

“இது?”

“ஊதுவத்தி. வாடை போகறதுக்கு... தினமும்.”

“பாப்பா பின்னாடி குந்திக்கினு இருக்கறப்பவா?”

தலையாட்டினேன்.

அவர் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. கையைத் துணியில் துடைத்தார். மதுவை ஒரு பார்வை பார்த்தார். “ஹோஸ் மாத்திடலாம், டப்பா மாத்திடலாம். இது மட்டும் வேணாம் மேடம்” என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

பெட்ரோல் ஆவி நிறைந்த ஒரு பெட்டி. ஜன்னலெல்லாம் மூடி. பின்னால் கணக்குப் புத்தகத்தோடு என் மகள். முன்னால் நான் — தினமும் ஒரு தீக்குச்சியோடு! இப்போதெல்லாம் அடுப்புப் பற்றவைக்கும் முன் சமையலறை ஜன்னலைத் திறந்துவிடுகிறேன்.

அந்த ஆழ்வார்பேட்டைக்காரரை நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது. குழாயைக் கையில் எடுக்காமல் ஒரு வண்டியைச் சுத்தம் என்று எழுதிக்கொடுக்க எப்படி மனசு வருகிறது? அவர் வீட்டில் குழந்தைகள் இல்லையா? நாளைக்கு எத்தனை வண்டிகளுக்கு இப்படி எழுதுவார்? ஆனால் அவர் கடை வாசலில் ஏன் அத்தனை வண்டிகள் நின்றன? நமக்கு வேண்டியது சோதனை இல்லை. சிக்னலில் போலீஸ்காரரிடம் நீட்ட ஒரு காகிதம். உண்மையைச் சொன்ன ஒரே மனிதரைத் திட்டிவிட்டு, பொய்க்கு நன்றி சொன்னவள் நான்.

வண்டி சரியானதும் ராயப்பேட்டைக்குப் போனேன். அதே கண்ணாடிக்காரர். அதே பொறுமை. இரண்டு முறை செருகிப் பார்த்து, “இப்போ பாஸும்மா” என்றார்.

“அன்னிக்குக் கத்திட்டேன். மன்னிச்சுக்குங்க.”

நிமிர்ந்து பார்த்தார். அடையாளம் தெரியவில்லை. “என்னிக்கும்மா? டெய்லி நாலு பேர் கத்தறாங்க.”

இப்போது என்னிடம் இரண்டு பாஸ் சான்றிதழ்கள். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வித்தியாசமே தெரியாது. முதல் காகிதத்தை மது பார்த்ததில்லை. வண்டி ஃபெயில் ஆனது அவளுக்குத் தெரியாது. அம்மா தெரிந்தேதான் அதை வாங்கினாள் என்பதும் தெரியாது.

அவள் இந்தப் பத்தியைப் படிப்பதே இல்லை. இந்த வாரம் படிக்கச் சொல்லப்போகிறேன்.