துண்டுக்குள் பிடித்த மூச்சு

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் நின்றுபோனதால் எழுத்துப் பிழையும் நிறைய வரும். பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

அய்யலூர்ச் சந்தையில் அண்ணனும் நானும் ஆட்டு வியாபாரம் செய்கிறோம். பேச்செல்லாம் அவருடையது, நான் ஆள் முன்னால் வாய் திறக்கக் கூசுகிறவன். சில வருஷங்களுக்கு முன்பு அவருக்குக் கல்லீரலில் நெல்லிக்காய் அளவு புற்றுக்கட்டி என்று மதுரையில் கண்டுபிடித்தார்கள். அறுவைச் சிகிச்சை தாங்கும் தெம்பு ஈரலுக்கு இல்லை. ஸ்கேனில் பார்த்தபடியே ஊசியைக் கட்டிக்குள் இறக்கி, ஆல்கஹாலைச் செலுத்திப் பொசுக்கலாம் என்றார் டாக்டரம்மா. ஊசி விலகி இறங்கினால் நல்ல ஈரல் கெட்டுவிடும்.

"வாயில வைக்காதத வகுத்துல ஊத்தப் போறாகளாம்லே," என்று அண்ணன் சிரித்தார்.

மூச்சு விட்டால் ஈரல் நகரும், கட்டியும் கூடவே நகரும். அதனால் ஊசி இறங்கும்போது மூச்சை அடக்க வேண்டும். டாக்டரம்மா அடக்கச் சொன்னதும் அண்ணன் மரியாதையாக "சரிங்கம்மா" என்பார். பிடித்த மூச்சு அதோடு போய்விடும். பெரிய படிப்புப் படித்தவர் சொல்லும்போது பதில் சொல்லாமல் கிடக்க அவருக்கு மனம் வரவில்லை. கடைசியில் ஊசி போடாமலே டாக்டரம்மா வெளியே வந்தார். இன்னொரு தடவை பார்ப்போம், அதுவும் முடியாவிட்டால் வேறு வழி இல்லை என்றார்.

சந்தையில் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்துத்தான் விலை பேசுவோம். கை உள்ளே போய்விட்டால் யாரும் வாய் திறப்பதில்லை.

"நானும் உள்ள வாரேம்மா. அண்ணன்கிட்ட ஒண்ணும் சொல்லாதீக. எனக்குத் தலைய மட்டும் ஆட்டுங்க," என்றேன். விவரத்தைக் கேட்டுவிட்டுச் சம்மதித்தார்.

பச்சைத் துணிக்கு அடியில் அண்ணன் கையைப் பிடித்தேன்.

"என்னலே, வெல பேசப் போறியா?"

"ஆமாண்ணே. வெரல எல்லாம் சேத்துப் புடிச்சா மூச்ச அடக்குங்க. விட்டா விடுங்க."

டாக்டரம்மா தலையசைத்தார். பிடித்தேன். அண்ணன் உதடு இறுகியது. திரையில் ஊசிமுனை வெள்ளைப் புள்ளியாகக் கட்டிக்குள் போனது. மருந்து அதற்குள்ளேயே வெண்புகையாகப் பரவியது. மறுபடி தலையசைத்ததும் விட்டேன்.

அடுத்தடுத்த ஊசிகளுக்கும் அப்படியேதான் செய்தோம். பிறகு எடுத்த ஸ்கேனில், கட்டி இருந்த இடம் வெறும் தழும்பு என்றார்கள். போன வாரம் காட்டியபோதும் அதையேதான் சொன்னார்கள். அண்ணன் சந்தைக்கு வருகிறார், முன்னைவிடச் சத்தமாகப் பேசுகிறார். இதை எழுதச் சொன்னவரும் அவர்தான்.

14 மார்ச் 2009, சனிக்கிழமை.