வெறுந்தலைக்கு அனுமதி

இன்று காலை ஏரிக்கரை மரத்தடியில் சுந்தரம் சார் என்னை வாக்கிங் கூட்டத்தில் சேர்க்கவில்லை.

"குல்லாய் இல்லாம எங்ககூட வராதீங்க பெரியவரே. தண்டா லேகே ஜாபே! சளி பிடிச்சுக்கும்!"

போன வருடமும் இதே மரத்தடியில், இதே மாதிரி வங்காளமும் தமிழும் கலந்து, இதையேதான் சொன்னார். அவருடைய குரங்குக் குல்லாய்க்குள் கண்ணும் மூக்கும் மட்டுமே தெரிந்தன. கிடர்பூர் துறைமுகத்தில் நாற்பது மார்கழி வெறுந்தலையோடு மூட்டை இறக்கியவன் நான்.

பிறகு டீக்கடையில், போன வாரம் சிக்கிம் போய்ப் பனியில் சறுக்கி விளையாடிய படத்தைக் காட்டினார். முழங்கால்வரை பனி. தலையில் குல்லாய் இல்லை.

"அங்கே குளிரலையா சார்?"

"காதே உறைஞ்சு போச்சு! ஆனா குல்லாய் போட்டா, போட்டோல இருக்கறது நான்தான்னு யாருக்குத் தெரியும்?"

"அப்போ என்னையும் ஒரு போட்டோ எடுங்க சார்."

எடுத்து முடிக்கும்வரை என் வெறுந்தலையை யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

நாளை ஏரியை ஒரு சுற்று முழுக்க என்னைப் படம் எடுத்துக்கொண்டே வர யாராவது தயாரா?